பார்ட்ஸ் மாட்டிய பிறகு வண்டி மக்கர் பண்ணினால்: அறிகுறி வாரியாகப் பார்க்கும் முறை

காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டை வட்டாரத்தில் எங்கள் பட்டறைக்கு வருகிற வண்டிகளில் பெரும்பாலானவை ஸ்விஃப்ட், பலேனோ, ஐ20, போலோ. ஏதாவது ஒன்று ஏற்றியிருப்பார்கள்: கோன் ஃபில்டர், ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர், லோயரிங் ஸ்பிரிங் (வண்டியைத் தாழ்த்தும் ஸ்பிரிங்), அகலமான அலாய் வீல், ரீமேப் (எஞ்சினை நடத்தும் இசியு என்ற கணினியில் உள்ள அளவுகளை மாற்றி எழுதுவது). சிலர் அதே வண்டியைக் கோவை செட்டிபாளையத்தில் இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் டிராக்குக்கு ஓட்டிப்போய், நாள் முழுக்கச் சுற்றிவிட்டு, அதிலேயே ஊர் திரும்புவார்கள். ட்ரெய்லரில் ஏற்றிப்போகும் வசதி இவர்களுக்கு இல்லை. பந்தய வண்டியும் அதுதான், மறுநாள் அம்மாவைப் பிள்ளையார்பட்டிக்குக் கூட்டிப்போகும் வண்டியும் அதுதான். கீழே எழுதியிருப்பது அப்படிப்பட்ட வண்டிகளுக்கு.

## ஸ்பேனரை எடுப்பதற்கு முன்

கடைசியாகக் கைவைத்த இடம் எது? முதல் சந்தேகம் அங்கேதான். புதிதாக வாங்கிய பாகமே பழுதாக இருப்பது குறைவு. அதை மாட்டும்போது இறுக்காமல் விட்ட கிளாம்ப், திரும்பச் சொருகாத சாக்கெட், நெரிந்த கேஸ்கெட், இவைதான் அடிக்கடி மாட்டும். அதனால் கம்பெனிப் பாகத்தைக் கழற்றியதும் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அதைத் திரும்ப மாட்டிப் பார்த்துக் கோளாறு போகிறதா என்று சோதிப்பதைவிட மலிவான சோதனை கிடையாது.

இரண்டாவது, ஓபிடி புளூடூத் டாங்கிள் ஒன்று, அதாவது வண்டியின் கணினி பதிந்து வைக்கும் கோளாறுகளைப் படிக்கும் கருவி. ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும், போனில் ஆப் போட்டால் போதும். கோடு, அதாவது கோளாறைச் சொல்லும் குறியீட்டு எண், வந்தால் முதலில் எழுதி வையுங்கள், அப்புறம் அழியுங்கள். எழுதாமல் அழித்துவிட்டு "லைட் எரிஞ்சுச்சுண்ணே, என்னன்னு தெரியல" என்று வந்தால் எங்களுக்கும் தெரியாது.

மூன்றாவது, ஓட்டிப் பார்க்கும் இடம். திருச்சி–ராமேஸ்வரம் சாலை அகலமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் அது டிராக் இல்லை. பொதுச்சாலையில் வேகப் போட்டி, வேகச் சோதனை இரண்டும் மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவின்படி குற்றம். முதல் தடவையே 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். தை மாதத்தில் குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் பழனிக்குப் பாதயாத்திரைக் கூட்டம் ராத்திரியிலும் சாலையோரம் நடக்கும். கோவைக்குப் போகிற வழியும் பாதி தூரம் அதுதான். செட்டிநாட்டில் பழைய விமான ஓடுதளம் சும்மாதானே கிடக்கிறது என்று யாராவது ஒருவர் கேட்பார். சோழவரத்தில் அப்படி ஒரு போர்க்கால ஓடுதளத்தில்தான் ரேஸ் வளர்ந்தது, வாஸ்தவம். அங்கே கிளப் இருந்தது, அனுமதி இருந்தது. இங்கே ஆடுமாடு குறுக்கே வரும்.

## ஐடில் ஆடுகிறது, செக் எஞ்சின் லைட் எரிகிறது

கோன் ஃபில்டர் போட்ட மறுவாரம் வரும் புகார் இது.

ஹோஸும் கிளாம்பும். கம்பெனி ஏர் பாக்ஸுக்கு எஞ்சினுக்குள் சேரும் ஆவியைக் கொண்டுவரும் பிரீதர் குழாய் ஒன்று வரும். கடையில் வாங்கும் கிட்டில் அதைச் சொருக இடமே இல்லாமல் இருக்கும். தேவகோட்டையிலிருந்து வந்த ஸ்விஃப்ட் ஒன்றில் அந்தக் குழாயின் வாயை சைக்கிள் டியூப் துண்டால் மூடி, நைலான் டேக் போட்டு இறுக்கியிருந்தார்கள். எஞ்சின் சூட்டில் டியூப் உருகி ஒரு பக்கம் வாய் பிளந்திருந்தது, அதைச் சுற்றி ஆயிலும் செம்மண்ணும் சேர்ந்து களிம்பாக ஒட்டியிருந்தது. வண்டிக்காரத் தம்பி கேட்டது: "அண்ணே, இன்ஜெக்டர் மாத்திரலாமா?" நூறு ரூபாய்க்கும் குறைவான டி-ஜாயின்டில் வேலை முடிந்தது.

சோதனை: எஞ்சின் ஐடிலில் ஓடும்போது, இன்டேக் மேனிஃபோல்டு, த்ராட்டில் பாடி, அதைச் சுற்றியுள்ள சன்னமான வேக்கம் குழாய்கள் எல்லாவற்றின் மூட்டிலும் ஸ்ப்ரே பாட்டிலால் தண்ணீரைப் புகையாக அடியுங்கள். எங்கே அடிக்கும்போது எஞ்சின் சத்தம் மாறுகிறதோ அங்கே காற்று இழுக்கிறது. காயில், சாக்கெட் பக்கம் அடிக்காதீர்கள். கோடு பி0171 என்று வந்தால், அதாவது பெட்ரோலுக்குக் காற்று அதிகம் என்றால், இந்தச் சோதனையை இரண்டு தடவை செய்யுங்கள்.

ஃபில்டரில் எண்ணெய் அதிகம். கழுவிப் போடுகிற காட்டன் ஃபில்டருக்கு எண்ணெய் தாராளமாக அடித்தால் அது பறந்துபோய் காற்றளவு சென்சாரில் படியும். அதற்கென்று விற்கும் கிளீனர் ஸ்ப்ரேயை மட்டும் அடித்துக் காயவிடுங்கள். துணியும் விரலும் உள்ளே போகக்கூடாது, உள்ளே இருக்கிற கம்பி அறுந்தால் புது சென்சார்தான்.

பிளக், காயில். பி0301 முதல் பி0304 வரை வந்தால் கடைசி எண்தான் சரியாக எரியாமல் மிஸ்ஸாகும் சிலிண்டர். பி0301 என்றால் முதல் சிலிண்டர் காயிலையும் இரண்டாவதன் காயிலையும் இடம் மாற்றி மாட்டுங்கள். கோடு பி0302 ஆக மாறினால் காயில் போய்விட்டது. மாறவில்லை என்றால் பிளக்கை இதே மாதிரி இடம் மாற்றிப் பாருங்கள். அதற்கும் மாறாவிட்டால் இன்ஜெக்டரோ கம்ப்ரஷனோ.

செம்மண் உள்ளே போயிருப்பது. இதுதான் நம் ஊருக்கென்றே உள்ள ஆபத்து, இதுவே செலவிலும் பெரியது. ஃபில்டரைக் கழற்றி, அதற்குப் *பின்னால்* இருக்கும் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணி வெள்ளையாகவே வந்தால் சரி. சிவப்புப் பொடி வந்தால் அந்த ஃபில்டர் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் குப்பைக்குத்தான் போகவேண்டும். அந்தப் பொடி பிஸ்டன் ரிங்கைத் தேய்க்கும், ஆயில் குடிக்க ஆரம்பிக்கும், நீலப் புகை வரும்.

மெக்கானிக்கிடம் போகவேண்டிய இடம்: துணியில் சிவப்பு வந்து, ஆயிலும் குறைகிறது என்றால் கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் வரும் அழுத்தத்தை அளப்பது). நான்கு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டவேண்டும். ஒன்று மட்டும் தனியாகக் கீழே நின்றால் இனி எஞ்சின் வேலை தெரிந்தவர் பார்க்கட்டும்.

## காலையில் பறக்கிறது, மத்தியானம் இழுக்க மாட்டேன் என்கிறது

சித்திரை, வைகாசியில் இந்தப் புகார் இரண்டு மடங்காகும். பெரும்பாலும் எஞ்சினில் எந்தக் கோளாறும் இருக்காது.

முதலில், பத்து நிமிடம் ஓட்டிவிட்டு நான்கு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள், தொடவேண்டாம். ஒன்று மட்டும் கொதித்தால் பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறது, பிக்கப் போனது அதனால்தான்.

நான்கும் ஒரே மாதிரி என்றால் ஓபிடி ஆப்பில் இன்டேக் காற்று வெப்பநிலையைப் போடுங்கள். வண்டி 60 கிமீ வேகத்தில் சீராக ஓடும்போது அது வெளி வெப்பநிலையைவிட 10 டிகிரிக்குள் அதிகமாக இருந்தால் பரவாயில்லை. வெளியே 38, உள்ளே 60 என்று காட்டினால், பானெட்டுக்குள் திறந்து கிடக்கும் கோன் ஃபில்டர் ரேடியேட்டர் ஊதித் தள்ளும் சூட்டைத்தான் குடிக்கிறது. காற்று சூடானால் இசியு இக்னிஷனைப் பின்னுக்கு இழுக்கும், பிக்கப் சாகும். சத்தம் மட்டும் பிரமாதமாக இருக்கும்.

தீர்வு, செலவு வரிசையில்: கம்பெனி ஏர் பாக்ஸைத் திரும்ப மாட்டி, உள்ளே நல்ல பேனல் ஃபில்டர் போடுவது. அது மனசுக்கு ஒப்பவில்லை என்றால் ஃபில்டரைச் சுற்றி அலுமினியத் தடுப்பு. அதற்கும் மேலே, பம்பருக்குப் பின்னாலிருந்து குளிர்ந்த காற்றுக்கு ஒரு குழாய். இந்த வெயிலுக்கும் புழுதிக்கும் நான் முதலாவதைத்தான் சொல்வேன். தம்பிகளுக்குப் பிடிக்காது, தெரியும்.

## ரீமேப்புக்குப் பிறகு ஏற்றத்தில் டிக் டிக் சத்தம்

மூன்றாவது, நான்காவது கியரில், குறைந்த ஆர்பிஎம்மில் மிதிக்கும்போது வருகிறதா? காலை எடுத்ததும் நிற்கிறதா? அப்படியானால் நாக்கிங் (சிலிண்டருக்குள் பெட்ரோல் தானாகவே வெடித்து எரிவது) என்றே எடுத்துக்கொண்டு, காரணம் தெரியும்வரை மிதிக்காதீர்கள். நாக்கிங்கோடு ஓட்டினால் பிஸ்டனே உடையும்.

ஹீட் ஷீல்டு: எஞ்சின் ஆறிய பிறகு சைலன்சர் பைப்பின் மேலே உள்ள தகரத்தை விரல் முட்டியால் தட்டுங்கள். அது ஆடினால் வந்த சத்தம் அதுவாகவே இருக்கலாம். கிளாம்ப் போட்டுவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

பெட்ரோல்: ரீமேப் செய்தவரிடம் எந்த ஆக்டேனுக்கு (பெட்ரோல் நாக்கிங்கைத் தாங்கும் அளவு) எழுதினார் என்று கேளுங்கள். பெரிய நகரத்தில் எக்ஸ்பி100 மாதிரி பெட்ரோலை நம்பி எழுதிய மேப்போடு இங்கே வந்து, சாதாரண பெட்ரோலை அடித்தால் சத்தம் வரத்தான் செய்யும். டாங்க் காலியாகும் சமயத்தில் எக்ஸ்பி95 போன்ற உயர் ஆக்டேன் போட்டு ஓட்டுங்கள். சத்தம் போனால் விடை கிடைத்துவிட்டது: ஊரில் கிடைக்கிற பெட்ரோலுக்கு மேப்பைத் திருத்தச் சொல்லுங்கள், அல்லது கம்பெனி மேப்புக்கே திரும்புங்கள். இப்போது பெட்ரோல் பங்குகளில் வருகிற, 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20-யையும் கணக்கில் எடுக்கவேண்டும். எத்தனாலில் ஒரு லிட்டருக்கு இருக்கும் சக்தி பெட்ரோலில் இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, அதே காற்றுக்கு அதிக எரிபொருள் ஊற்றவேண்டும். பழைய மேப்பில் இன்ஜெக்டர் ஏற்கெனவே எல்லையில் ஓடிக்கொண்டிருந்தால் மேல் ஆர்பிஎம்மில் எரிபொருள் பற்றாது.

பிளக்: மேப்புக்கு ஏற்ற வெப்ப எண்ணில் இருக்கிறதா பாருங்கள். முனைப் பீங்கானில் வெள்ளை வெளுப்போ சின்னச் சின்ன உலோகப் பொட்டோ தெரிந்தால் இனி ஓட்டக்கூடாது.

கம்பெனி மேப், நல்ல பெட்ரோல், சரியான பிளக், மூன்றும் இருந்தும் சத்தம் வருகிறதென்றால் வைட்பேண்ட் சென்சார் வைத்து காற்று–பெட்ரோல் விகிதம் பார்க்கத் தெரிந்த ட்யூனரிடம் போங்கள். பட்டறையில் காதை வைத்துக் கேட்டுச் சொல்கிற விஷயம் இல்லை இது.

## டீசல் ஸ்விஃப்ட்: கறுப்புப் புகை, பாதியில் வலு போய்விடுகிறது

மாருதி 2020 ஏப்ரலோடு டீசலை நிறுத்திவிட்டாலும் அந்த 1.3 எஞ்சின் இங்கே இன்னும் பத்து வருஷம் ஓடும். ட்யூனிங் பாக்ஸோ (டீசல் அளவைக் கூட்ட வெளியே மாட்டும் பெட்டி) ரீமேப்போ போட்ட பிறகு புகை வந்தால்:

பாக்ஸைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள். புகை நின்றால் டீசல் அதிகமாக ஊற்றுகிறது, மேப்பைக் குறைக்கவேண்டும். நிற்காவிட்டால் ஏர் ஃபில்டர். அடுத்தது இன்டர்கூலர் ஹோஸ்: மிதிக்கும்போது உஸ்ஸென்று சத்தம், ஹோஸ் வாயைச் சுற்றி ஆயில் கசிவு, இரண்டும் இருந்தால் கிளாம்ப் நழுவியிருக்கும் அல்லது ரப்பர் கிழிந்திருக்கும். பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) கூடியதும் பழைய ரப்பர் தாங்காது. அதுவும் சரி என்றால் இஜிஆர் வால்வு (புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்புவது), பூஸ்ட் சென்சார், இரண்டிலும் கரி அடைந்திருக்கும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது வலு திடீரென்று செத்து, சாவியை அணைத்துப் போட்டதும் திரும்பி வந்தால் இசியு எஞ்சினைக் காப்பாற்ற வலுவைக் குறைத்து லிம்ப் மோடுக்குப் போகிறது. பூஸ்ட் எதிர்பார்த்ததைவிட அதிகமா குறைவா என்று கோடே சொல்லும்.

கடைசியாக டர்போ. இன்டேக் குழாயைக் கழற்றி, எஞ்சின் ஆறிய பிறகு, ஷாஃப்டைப் பிடித்து ஆட்டுங்கள். பக்கவாட்டில் மயிரிழை ஆட்டம் இருக்கலாம். முன்னும் பின்னும் ஆட்டம் தெரிந்தாலோ, இறக்கை சுவரில் உரசிய தடம் இருந்தாலோ எஞ்சினை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். டீசல் வண்டியில் டர்போ சீல் போனால் எஞ்சின் தன் ஆயிலையே குடித்துக்கொண்டு, சாவியை அணைத்தாலும் நிற்காமல் ஓடும்.

## பிரேக்

கரி ஸ்பீட்வேயில் ஒரு சுற்று 2 கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதல், இருங்காட்டுக்கோட்டையில் உள்ள சென்னை டிராக் 3.717 கிலோமீட்டர். சுற்று சின்னதானால் பிரேக் ஆற நேரம் கிடைக்காது. எஞ்சினுக்கு லட்சம் செலவு செய்துவிட்டு பிரேக்குக்கு ஒன்றும் செய்யாமல் போகிறவர்கள் மூன்றாவது, நான்காவது சுற்றில் தெரிந்துகொள்கிறார்கள்.

### பெடல் உள்ளே போகிறது

உடனே பெடலைப் படபடவென்று மிதியுங்கள். பெடல் மேலே ஏறி வந்தால் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது அல்லது உள்ளே காற்று இருக்கிறது. கியரைக் குறைத்து, மெதுவாக பிட்டுக்கு (டிராக்கில் வண்டி நிறுத்தும் இடம்) வாருங்கள். பிட்டில் ஹேண்ட்பிரேக் போடாதீர்கள், கியரில் நிறுத்துங்கள்.

1. ஆயிலின் வயசு. டப்பாவைத் திறந்து நிறம் பாருங்கள். புதியது வெளிர் மஞ்சள். டிகாக்‌ஷன் மாதிரி இருந்தால் வேறு எதையும் பார்க்கவேண்டாம், அதை மாற்றுங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், ஈரம் ஏற ஏறக் கொதிநிலை இறங்கும். டாட் 3 புதிதில் குறைந்தது 205 டிகிரி, ஈரம் ஏறினால் 140. டாட் 4 என்றால் 230, 155. டாட் 5.1 என்றால் 260, 180. டிராக்குக்குப் போகும் வண்டிக்கு டாட் 4 அல்லது 5.1, போவதற்கு முந்தைய வாரம் புதிதாக. பெயரில் ஒரு புள்ளிதான் வித்தியாசம் என்று டாட் 5 வாங்கிவிடாதீர்கள். அது சிலிக்கான், நம் வண்டிகளுக்கு ஆகாது, மற்றதோடு கலக்கவும் கூடாது. பாதி உபயோகித்துத் திறந்து வைத்திருந்த டின்னும் வேண்டாம்.

2. காற்று. புது பேட், புது ஹோஸ் போட்ட பிறகு பிளீடிங் (பிரேக் குழாயிலிருந்து காற்றை வெளியேற்றுவது) அரைகுறையாக இருந்திருக்கும். டப்பாவில் அளவு குறையவிடாமல் திரும்பச் செய்யுங்கள். ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று போயிருந்தால் கையால் வராது, ஸ்கேனர் வைத்து பம்பை ஓட்டிச் செய்யவேண்டும்.

3. கசிவு. நான்கு சக்கரத்தின் உட்புறமும் பாருங்கள். பின்னால் டிரம் இருக்கிற வண்டியில் டிரம்மைக் கழற்றி, வீல் சிலிண்டர் ரப்பரைத் தூக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் மாற்றவேண்டியதுதான்.

4. ரப்பர் ஹோஸ். ஒருவர் பெடலை அழுத்தட்டும், நீங்கள் முன் சக்கர ஹோஸை விரலால் சுற்றிப் பிடியுங்கள். ஊதுவது கையில் தெரிந்தால் அதன் ஆயுள் முடிந்தது.

5. மாஸ்டர் சிலிண்டர். வண்டி நிற்கும்போது பெடலை ஒரே அழுத்தத்தில் பிடித்திருங்கள். வெளியே எங்கும் கசிவில்லாமல் பெடல் மட்டும் மெல்ல மெல்ல இறங்கினால் உள் சீல் போய்விட்டது. இதற்கு மேல் வீட்டு வாசலில் செய்யும் வேலை இல்லை. மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள், வண்டியை ஓட்டிப் போகாதீர்கள்.

### பெடல் இறுகி நிற்கிறது, வண்டி நிற்கவில்லை

கருகல் வாடை அடித்தால் பேட் தன் சூட்டு எல்லையைத் தாண்டிவிட்டது. ஆறியதும் திரும்ப வேலை செய்யும். ஆனால் பேட்டின் முகம் கண்ணாடிப் பளபளப்பாக மாறியிருந்தால் அதை நம்பாதீர்கள். டிராக் நாளுக்கென்று அதிக சூடு தாங்கும் பேட் வாங்குங்கள். ரொம்பவும் ரேஸ் ரகமான பேட் குளிர்ந்திருக்கும்போது பிடிக்காது, காலையில் முதல் திருப்பத்திலேயே அது தெரியும். ஊருக்கும் டிராக்குக்கும் ஒரே வண்டி என்றால் நடுத்தர ரகம் போதும்.

வாடை இல்லையென்றால் பூஸ்டர் (மிதிக்கும் பலத்தைக் கூட்டும் பாகம்). எஞ்சினை அணைத்துவிட்டு நாலைந்து தடவை மிதித்து, காலை அழுத்திப் பிடித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்று இறங்கவேண்டும். இறங்கவில்லை என்றால் மேனிஃபோல்டிலிருந்து பூஸ்டருக்குப் போகும் வேக்கம் ஹோஸைப் பாருங்கள். இன்டேக்கில் வேலை பார்த்த வண்டி என்றால் அங்கேதான் கழன்றிருக்கும். ஹோஸ் சரியாக இருந்தும் இறங்கவில்லை என்றால் பூஸ்டரே போயிருக்கும், அது பட்டறை வேலை.

### பிரேக் அடித்தால் ஸ்டீயரிங் உதறுகிறது

"டிஸ்க் வளைஞ்சிருச்சு" என்று லேத்துக்கு எடுத்துப் போவதற்கு முன் வீல் நட்டுகளை டார்க் ரென்ச்சால், வண்டியின் மேனுவலில் உள்ள அளவுக்கு, குறுக்கும் மறுக்குமாக இறுக்கிப் பாருங்கள். டயர் கடையில் காற்றுத் துப்பாக்கியால் ஆளுக்கொரு பலத்தில் இறுக்கியிருப்பார்கள்.

அடுத்து, டிஸ்க்கில் பேட் வடிவத்திலேயே கறை படிந்திருக்கிறதா பாருங்கள். சூடான பிரேக்கை மிதித்துப் பிடித்தபடி பிட்டில் நின்றதால் வந்தது அது. 60-லிருந்து 10 வரை, முழுக்க நிற்காமல், அடுத்தடுத்து சில தடவை நன்றாகப் பிரேக் பிடித்து, அப்புறம் பிரேக் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டினால் பெரும்பாலும் போய்விடும். புது பேட்டைப் பழக்குவதும் இப்படித்தான். காலைப்பொழுதில் காலியான சாலையில், பின்னால் யாரும் வராதபோது செய்யுங்கள்.

அதற்கும் போகாவிட்டால்தான் லேத். டிஸ்க்கிலேயே குறைந்தபட்ச கனம் பொறித்திருக்கும். கடைந்த பிறகு அதற்குக் கீழே போகுமென்றால் புதிது வாங்குங்கள்.

## ஆர்பிஎம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை

கிளட்ச் ஸ்லிப். கேபிள் உள்ள வண்டியில் பெடலின் ஃப்ரீ பிளே (கிளட்ச் வேலை செய்யத் தொடங்குமுன் பெடலில் இருக்கும் தளர்வு) முதலில்; அது சரியாக இருந்தாலே பாதி பிரச்சினை தீரும். அடுத்து, எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில் ஆயில் ஈரம்: கிராங்க் பின் சீல் கசிந்து பிளேட் நனைந்திருந்தால் புது கிளட்ச் போட்டாலும் அதே கதைதான், சீலையும் சேர்த்து மாற்றுங்கள். இரண்டும் இல்லையென்றால் பிளேட் தேய்ந்திருக்கிறது. கியர்பாக்ஸ் இறக்கும் வேலை, பட்டறைக்கு விடுங்கள். ரீமேப் செய்த டீசலில் டார்க் கூடிவிடுவதால் கம்பெனி கிளட்ச் சீக்கிரம் போகும். அது கோளாறு இல்லை, ரீமேப்பின் விலையில் ஒரு பகுதி.

## டெம்பரேச்சர் முள் ஏறுகிறது

டிராக்கில் மட்டுமா, ஊருக்குள் நெரிசலிலுமா?

நெரிசலில் மட்டும் ஏறினால் ஃபேன். ஏசியைப் போடுங்கள், ஃபேன் ஓடவேண்டும். ஓடாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில்.

வேகத்தில் மட்டும் ஏறினால் காற்று போகவில்லை, அல்லது தண்ணீர் ஓடவில்லை. முன் கிரில்லில் அலங்காரத்துக்குப் போட்ட வலை, பெரிய ஃபாக் லேம்ப், இவற்றைக் கழற்றிப் பாருங்கள். ரேடியேட்டருக்கும் ஏசி கண்டென்சருக்கும் நடுவே செம்மண்ணும் பூச்சியும் அடைந்திருக்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, மெல்லிய அழுத்தத்தில் தண்ணீர் அடியுங்கள். பிரஷர் கன்னைக் கிட்டே வைத்து அடித்தால் தகடுகள் மடங்கிவிடும்.

உள்ளே என்ன ஊற்றியிருக்கிறது என்பதும் முக்கியம். நம் பக்கத்து போர் தண்ணீர் உப்பு. கூலண்ட் குறையும்போதெல்லாம் அதை ஊற்றினால் உள்ளே உப்புப் படிந்து குழாய் அடைக்கும். கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டால் சூடே ஏறாது என்று சொல்கிற மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். அதைக் கேட்காதீர்கள். எஞ்சின் சூடாகாமல் ஓடினால் பெட்ரோல் அதிகம் குடிக்கும், சீக்கிரம் தேயும். புது தெர்மோஸ்டாட் ஒன்றும் பெரிய விலை இல்லை.

கூலண்ட் டப்பாவில் ஓயாமல் குமிழி, இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை, ஆயில் மூடியில் பால் நிறப் பிசுபிசுப்பு, இவற்றில் எது தெரிந்தாலும் ஹெட் கேஸ்கெட் சந்தேகம். எஞ்சினை அணைத்து, ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுங்கள். சூட்டில் கூலண்ட் மூடியைத் திறக்காதீர்கள்.

## புது அலாய் வீல், புது ஸ்பிரிங்: உதறல், உரசல், தட்டல்

80-க்கு மேல் சீராக உதறினால் முதலில் பேலன்சிங். அது சரியென்றால் ஹப் ரிங். ஸ்விஃப்டின் ஹப் 54.1 மிமீ, போலோவுக்கு 57.1. கடையில் விற்கும் வீல்களின் நடு ஓட்டை பலவற்றில் 73.1. இடைவெளியை நிரப்பும் வளையம் இல்லாவிட்டால் வீல் நட்டின் மேல் மட்டுமே தொங்கும், நடுவில் நிற்காது. வளையம் சில நூறு ரூபாய்தான்.

நட்டு அடிக்கடி தளர்ந்தால் ஓட்டாதீர்கள். போலோ, ஹோண்டா வண்டிகளின் கம்பெனி போல்ட், நட்டு உருண்டை முகம் கொண்டவை. வெளி வீல்களில் பெரும்பாலும் கூம்பு முகம் வேண்டும். மாற்றிப் போட்டால் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது.

திருப்பத்தில் உரசினால் ஃபெண்டர் லைனரில் தேய்ந்த தடத்தைத் தேடுங்கள். வீல் வெளியே தள்ளி நிற்கிறதா, டயர் பெரிதா, ஸ்பிரிங் அதிகம் தாழ்ந்ததா என்று தடம் இருக்கிற இடமே சொல்லும்.

ஸ்பீட் பிரேக்கரில் 'டொக்' என்றால் வரிசை இது: ஸ்டெபிலைசர் லிங்க், ஸ்பிரிங் முனை தன் இருக்கையில் உட்காராதது, ஸ்ட்ரட் மேல் மவுன்ட், கடைசியில் ஷாக். கம்பெனி ஷாக்கில் லோயரிங் ஸ்பிரிங் மட்டும் போட்டால் ஷாக் எப்போதும் பாதி அமுங்கிய நிலையிலேயே உழைக்கும், ஆயில் கசியும். நம் ஊரில் வெள்ளைக் கோடு போடாத ஸ்பீட் பிரேக்கர்கள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். 30 மிமீக்கு மேல் தாழ்த்தாதீர்கள். தாழ்த்திய பிறகு அலைன்மென்ட் செய்யாவிட்டால் டயரின் உள்விளிம்பு நூல் தெரியும்வரை தேயும், வெளியே நின்று பார்த்தால் தெரியாது. ஸ்பிரிங் கம்ப்ரஸர் இல்லாமல் ஸ்ட்ரட்டைப் பிரிக்கும் வேலையை வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

## சைலன்சர்: காதைக் குடைகிறது

குறிப்பிட்ட ஒரு ஆர்பிஎம்மில் மட்டும் கேபினுக்குள் இரைந்தால் ரெசனேட்டர் (இரைச்சலைக் குறைக்கும் டப்பா) இல்லாததுதான் காரணம், ஒன்றைச் சேர்த்து வெல்டு செய்தால் குறையும். காலையில் குளிர்ந்த எஞ்சினில் 'சட் சட்' என்று கேட்டு, சூடானதும் நின்றால் மேனிஃபோல்டு கேஸ்கெட் கசிவு. பி0420 வந்தால் பெரும்பாலும் கேடலிடிக் கன்வர்ட்டரை (புகையைச் சுத்தப்படுத்தும் பாகம்) எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம், அல்லது அது செத்துவிட்டது. எடுத்திருந்தால் திரும்பப் போடுங்கள். அனுமதியில்லாத மாற்றத்துக்கு மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவில் வண்டிக்காரரும் மாட்டுவார்.

## நீண்ட திருப்பத்தில் எஞ்சின் இடறுகிறது, அல்லது ஆயில் லைட் மின்னுகிறது

இரண்டும் டிராக்கில் மட்டும் வரும், இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

இடறிவிட்டு நேர் சாலையில் சரியானால் டாங்க் பாருங்கள். கால் டாங்குக்குக் கீழே இருந்தால் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சியிருக்கும். பாதி டாங்க் நிரப்பிவிட்டு மறுபடி போங்கள். அதற்கும் இடறினால் பெட்ரோல் ஃபில்டர், பம்ப் அழுத்தம்.

சிவப்பு ஆயில் லைட் ஒரு கணம் மின்னினாலும் அது வேறு விஷயம். அந்தச் சுற்றை முடிக்காதீர்கள். காலை எடுத்து, டிராக்கின் ஓரம் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, எஞ்சினை அணையுங்கள். சில நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். கீழ்க்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தால், திருப்பத்தில் ஆயில் ஒதுங்கி பம்ப் வெறும் காற்றை இழுத்திருக்கிறது. டிராக் நாளில் மேல்கோடு வரை ஊற்றி வைக்கவேண்டும், ஒவ்வொரு முறை வெளியே வந்ததும் பார்க்கவேண்டும். மேல்கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் தப்பு. ஆயில் நுரைக்கும்.

அளவு சரியாக இருந்தும் லைட் மின்னியிருந்தால், ஸ்டார்ட் செய்து அடியிலிருந்து தட்டல் கேட்கிறதா என்று பார்க்கவே வேண்டாம். பேரிங் ஏற்கெனவே அடிபட்டிருந்தால் அந்த ஒரு ஸ்டார்ட்டே கிராங்கைக் கோடு போடும். வண்டியை ரெக்கவரி லாரியில் ஏற்றி, எஞ்சின் பிரிக்கத் தெரிந்த பட்டறையில் இறக்குங்கள். ஆயிலை வடித்து, ஃபில்டரை வெட்டிப் பிரித்து, மடிப்புகளில் பளபளக்கும் துகள் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். துகள் இல்லையென்றால் ஆயில் அழுத்த சென்சாரில் ஆரம்பிக்கலாம். இருந்தால் சம்ப்பை (எஞ்சின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) கழற்றவேண்டும்.